விழுகிற உடம்பு யாருடையது?

சென்னைத் தமிழில் 'டூப்' என்றால் பொய். 'சும்மா டூப்பு வுடாதப்பா' என்று வியாசர்பாடியில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சினிமாவில் அதே சொல் ஒரு மனிதரைக் குறிக்கிறது. நாயகனின் சட்டையை மாட்டிக்கொண்டு, நாயகனைப் போலத் தலைமுடியை ஒட்டிக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி மூன்றாவது மாடியிலிருந்து குதிப்பவர் டூப். யோசித்துப் பார்த்தால், அந்தக் காட்சியில் பொய் இல்லாத ஒரே விஷயம் அவர் விழுவதுதான். மாடி செட்டாக இருக்கலாம். ரத்தம் சாயமாக இருக்கலாம். விழுவது நிஜம். இடுப்பு முறிந்தால் அதுவும் நிஜம்.

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடி அருகே 'வேட்டுவம்' படப்பிடிப்பில் காரை ஓட்டிவந்து கவிழ்க்கும் காட்சியில், சண்டைக் கலைஞர் எஸ்.எம்.ராஜு உயிரிழந்தார். மோகன்ராஜ் என்பது இயற்பெயர். காஞ்சிபுரத்துக்காரர். வயது 52. கார்களைப் பறக்கவிட்டுக் கவிழ்ப்பதில் தென்னிந்தியப் படங்கள் பலவற்றுக்கும் தேடப்பட்டவர். அவர் ஓட்டிய கார்களை நாம் திரையில் பலமுறை பார்த்திருக்கிறோம், கைதட்டியிருக்கிறோம். அவர் பெயரை நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டது அவர் இறந்த பிறகுதான்.

ஒரு கலைஞனின் பெயர் ஊருக்குத் தெரிய அவன் சாக வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தொழிலின் அமைப்பில் கோளாறு இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் பேச வேண்டும் என்று நினைக்கிறோம்.

நம் பகுதிக்கும் இதற்கும் என்ன?

வியாசர்பாடிப் பத்தியில் சினிமாக்காரர் கதை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சண்டைப் படத்தின் கணக்கை எடுத்துப் பார்ப்போம். தமிழ் சினிமாவுக்கு ஒரு ரவுடிக் கூட்டம் தேவைப்பட்டால் கதாசிரியரின் பேனா நேராக வடசென்னைக்கு வரும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று ஊர்ப்பெயரைச் சொன்னாலே போதும், ஆள் கெட்டவன் என்று பார்வையாளருக்குப் புரிந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. கறுத்த தேகம், லுங்கி, கழுத்தில் கயிறு. பத்துப் பேர் வரிசையாக வந்து அடி வாங்கிப் பறப்பார்கள். அடிப்பவன் நாயகன். அந்த நாயகன் பறந்து அடிக்க வேண்டிய இடத்தில் அவனுக்குப் பதிலாகக் கயிற்றில் தொங்குபவரும் சண்டைக் கலைஞர்தான். ஆக, கெட்டவனாக வந்து அடி வாங்குவதும் உழைக்கும் உடம்பு, நல்லவனுக்காக மறைந்திருந்து விழுவதும் உழைக்கும் உடம்பு. முதல் வேலையில் முகம் தெரியும், மரியாதை கிடையாது. இரண்டாவது வேலையில் மரியாதையான உடை உண்டு, முகம் கிடையாது.

இந்த வேலைக்கு வரும் உடல்கள் எங்கே உருவாகின்றன என்பதும் நமக்குத் தெரியும். வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகள் ஊரறிந்தவை. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் கால்பந்து ஆடி வளர்ந்த பிள்ளைகள் தேசிய அளவுக்குப் போயிருக்கிறார்கள். சிலம்பம், குஸ்தி, கடற்கரை மணலில் பல்டி என்று உடம்பைச் சொன்னபடி கேட்கவைக்கும் வித்தை நம் தெருக்களில் காசில்லாமல் கற்றுக்கொடுக்கப்படுவது. காசில்லாமல் கற்ற வித்தையைக் காசாக்க ஒரு வழி தேடும் இளைஞனுக்கு சினிமா சண்டை ஓர் இழுப்பு. அந்த இழுப்பில் தவறில்லை. அவன் போகிற இடத்தில் அவன் உயிருக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று கேட்பது நம் கடமை.

அம்பேத்கர் 1936-ல் எழுதிய 'சாதியை அழித்தொழித்தல்' நூலில், வேலையைப் பிரித்துக்கொள்வது வேறு, வேலை செய்பவர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குவது வேறு என்று காட்டினார். சினிமாத் தளத்தில் இந்த அடுக்கைக் கண்ணால் பார்க்கலாம். முகம் மேலே, உடம்பு கீழே. முகத்துக்குக் கேரவன் உண்டு, காப்பீடு உண்டு, ஆளுயரக் கட்அவுட் உண்டு. உடம்புக்கு அன்றைய சம்பளமும் பேட்டாவும். ஆபத்தைக் கீழே தள்ளிவிட்டுப் புகழை மேலே இழுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை நம் மக்கள் வேறு பல தொழில்களில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவிட்டார்கள்.

மரணங்களின் வரிசை

ராஜுவின் மரணம் தனி நிகழ்வு அல்ல. 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் 'சர்தார் 2' படத்துக்கான சண்டைக்காட்சிப் பணியில் ஒரு சண்டைக் கலைஞர் சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். 2022 டிசம்பரில் வண்டலூர் அருகே 'விடுதலை' படப்பிடிப்பில் கயிறு அறுந்து ஒருவர் இறந்தார். 2020 பிப்ரவரி 19 இரவு பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' தளத்தில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் சாப்பாட்டுப் பிரிவில் வேலை செய்தவர். கர்நாடகத்தில் 2016 நவம்பர் 7 அன்று 'மாஸ்தி குடி' படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் மூன்று பேர் குதித்தார்கள். நாயகன் கரைசேர்ந்தார். கூடக் குதித்த அனில், உதய் இருவரும் மூழ்கிப்போனார்கள்.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராஜுவுக்கு வயது 52. 'சர்தார் 2' தளத்தில் இறந்தவருக்கு 54. மற்ற வேலைகளில் இந்த வயதில் மேற்பார்வையாளராக உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் ஏன் இன்னமும் உயரத்தில் ஏறிக்கொண்டும் காரைக் கவிழ்த்துக்கொண்டும் இருந்தார்கள்? தைரியம் என்று சொல்லி மாலை போடுவது சுலபம். மாதம் பிறந்தால் கைக்கு வரும் ஓய்வூதியம் இல்லாத தொழிலில், குதிப்பதை நிறுத்தினால் அடுப்பு நின்றுவிடும். முழங்கால் தேய்ந்தாலும் முதுகெலும்பு வலித்தாலும் ஏற வேண்டியிருக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய நாயகனுக்கும் சண்டைக்காட்சி உண்டு, ஏனென்றால் அவருக்கு டூப் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய டூப்புக்கு யார் டூப்?

நம் வீட்டுக்குள் நடந்தது

'வேட்டுவம்' பா.ரஞ்சித்தின் படம். இதைச் சொல்லாமல் இந்தப் பத்தியை எழுதிவிட்டுப் போக முடியாது. 2014-ல் 'மெட்ராஸ்' வந்தபோது வியாசர்பாடியின் ஹவுசிங் போர்டு மனிதர்களாகத் திரையில் நின்றது. 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது வடசென்னையின் குத்துச்சண்டை மேடைக்கு அதன் வரலாறு திரும்பக் கிடைத்தது. ரவுடி என்று மட்டுமே காட்டப்பட்ட உடம்புக்குள் படிப்பும் அரசியலும் காதலும் இருப்பதை அவர் காட்டினார். அந்த நன்றி நமக்கு என்றும் உண்டு.

ராஜுவின் மரணத்தைத் தொடர்ந்து கீழையூர் காவல் நிலையத்தில் இயக்குநர் உள்ளிட்டோர் மீது வழக்குப் பதிவானது. உரிய திட்டமிடலோடும் முன்னெச்சரிக்கையோடும்தான் அந்த நாள் தொடங்கியது என்று தயாரிப்புத் தரப்பு வருத்தத்தோடு விளக்கம் தந்தது. யார் பக்கம் தவறு, எவ்வளவு தவறு என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதப் போவதில்லை. அதேசமயம், நம்முடையவர் படம் என்பதற்காகக் கேள்வியை மடித்து வைக்கவும் முடியாது. இதே மரணம் வேறொரு பெரிய நிறுவனத்தின் தளத்தில் நடந்திருந்தால் என்ன கேட்டிருப்போமோ, அதையே இங்கும் கேட்க வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்குத் தளம் யாருடையது என்பதால் துக்கம் கூடவோ குறையவோ போவதில்லை.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. உழைப்பவரின் கண்ணியத்தைப் பற்றிப் படமெடுப்பவரின் தளத்திலேயே ஓர் உழைப்பாளி இறக்க முடிகிறது என்றால், பிரச்சினை தனிமனிதரின் நல்ல மனசோடு முடிவதில்லை. நல்ல மனசுள்ள முதலாளியும் வேண்டும்தான். கயிறு அறுந்தால் பிடிப்பது மனசு அல்ல, இரண்டாவது கயிறு. அந்த இரண்டாவது கயிற்றைச் சட்டம்தான் கட்டாயமாக்க முடியும்.

சாக்கடைக்கு ஒரு விலை, தளத்துக்கு ஒரு விலை

நம் மக்களுக்குத் தெரிந்த ஒப்பீட்டைச் சொல்கிறோம். பாதாளச் சாக்கடையில் இறங்கி உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தப் பணமும் பல குடும்பங்களுக்குப் போராடாமல் கிடைப்பதில்லை என்பது வேறு வேதனை. ஆனாலும் ஒரு தொகை எழுத்தில் இருக்கிறது. கேட்க ஒரு பிடி இருக்கிறது. அந்த உத்தரவு தானாக வந்துவிடவில்லை. தூய்மைப் பணியாளர்கள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தி வாங்கியது.

படப்பிடிப்பில் இறப்பவருக்கு என்ன இருக்கிறது? 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே திரைப்படத் தயாரிப்பில் வேலை செய்பவர்கள் இருந்தார்கள். மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பை வைத்து, அதில் பாதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டியிருந்தது. 50 வயதில் இறந்தவருக்கு அந்த எண் 153.09. பெருக்கினால் சுமார் 11 லட்சத்து 48 ஆயிரம். தீப்பிழம்புக்குள் காரை ஓட்டினாலும் இதே கணக்குதான். இதைக் கேட்டு வாங்கவும், இறந்தவர் அங்கே வேலை செய்தார் என்று காட்டும் தாள் கையில் இருக்க வேண்டும். காலையில் ஃபோன் வந்து, வேன் ஏறி, மாலையில் சம்பளம் வாங்கும் தொழிலில் தாள் எங்கே இருக்கும்?

அதனால்தான் ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் குடும்பத்தின் கண் நாயகனின் வீட்டு வாசலைப் பார்க்கிறது. சில நடிகர்கள் உதவுகிறார்கள், குறை சொல்லவில்லை. இந்தி நடிகர் அக்‌ஷய் குமார் 2017 முதல் சண்டைக் கலைஞர்களுக்கான காப்பீட்டுக்குப் பணம் கட்டிவருகிறார். ராஜு இறந்த சில நாட்களில், நாடு முழுவதும் சுமார் 650 முதல் 700 கலைஞர்களுக்கு அந்தப் பாதுகாப்பு சேர்ந்திருப்பதாகச் செய்தி வந்தது. காயத்துக்குச் சிகிச்சை 5 லட்சத்திலிருந்து ஐந்தரை லட்சம் வரை. பாராட்டுக்குரிய செயல். ஆனால் ஒரு துறையின் தொழிலாளர் பாதுகாப்பு ஒரு நடிகரின் தனிப்பட்ட தாராளத்தில் நிற்பது அந்தத் துறைக்குத் தலைகுனிவு. தர்மம் செய்பவர் நாளைக்கு நிறுத்தினால் ஏன் என்று கேட்க முடியாது. உரிமையை நிறுத்தினால் கேட்கலாம்.

பெரம்பூர் பின்னி ஆலையில் வேலை செய்த நம் தாத்தாக்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. 1918 ஏப்ரலில் இதே வடசென்னையில்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. இயந்திரத்தில் கை போனால் துரையின் கருணைக்குக் காத்திருக்காமல் சட்டப்படி கேட்கலாம் என்ற நிலை, அந்தத் தலைமுறையின் போராட்டங்களில் வந்தது. அந்த ஆலை மூடப்பட்டு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று வேறொரு 'மில்லில்' வேலை செய்கிறார்கள். அங்கே நூலுக்குப் பதில் கனவு நெய்யப்படுகிறது. தறியில் சிக்குவது மட்டும் அதே உடம்பு.

சொல்லப்படும் மூன்று காரணங்கள்

டூப் கலைஞர்களை மறைத்து வைப்பதற்குத் துறையில் முதலாவதாகச் சொல்லப்படும் காரணம், நாயகனின் பிம்பம் உடைந்துவிடும் என்பது. நம் ரசிகர்களை இவ்வளவு குறைவாக எடைபோட வேண்டியதில்லை. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.சௌந்தரராஜன் பாடினார். திரையில் வாயசைத்தவர் ஒருவர், பாடியவர் வேறொருவர் என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அதனால் எம்.ஜி.ஆர். மீதான பிரியம் ஒரு பிடி குறைந்ததா? இல்லை. பாடியவருக்கும் புகழ் கிடைத்தது. அந்த எம்.ஜி.ஆருக்கு மெய்க்காவலராகவும் சண்டைக்காட்சிகளில் டூப்பாகவும் இருந்தவர் கே.பி.ராமகிருஷ்ணன். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கடன் வாங்கிய குரலுக்கு டைட்டிலில் இடம் உண்டு, விருது உண்டு, ராயல்டி பற்றிய பேச்சும் உண்டு. கடன் வாங்கிய உடம்புக்கு எதுவும் இல்லை. தொண்டையால் செய்யும் வேலை கலை, கைகாலால் செய்யும் வேலை கூலி என்ற பழைய எண்ணம்தான் இதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணத்தை நமக்கு யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் செலவு. சின்னப் படங்களால் தாங்க முடியாது என்கிறார்கள். பாதுகாப்போடு எடுக்கப் பணம் இல்லையென்றால் அந்தக் காட்சி வேண்டாம். கதையை மாற்றிக்கொள்ளலாம், கிராபிக்ஸில் செய்துகொள்ளலாம். கேமரா வாடகைக்குப் பணமில்லை என்று யாரும் கேமரா இல்லாமல் படமெடுப்பதில்லை. கிரேனுக்கும் வண்டிக்கும் காப்பீடு எடுக்கும் துறை அதில் தொங்கும் மனிதனை மட்டும் கணக்கிலிருந்து விடுவது பணப் பிரச்சினை அல்ல.

மூன்றாவது காரணம், தெரிந்துதானே வருகிறான் என்பது. சாக்கடையில் இறங்குபவரும் தெரிந்துதான் இறங்குகிறார். வேறு வேலை கிடைக்காத இடத்தில் தெரிந்து வருவதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது நியாயமில்லை. ஆபத்தான வேலையை அறிந்தே செய்யும் தீயணைப்பு வீரருக்கும் விமானிக்கும் பாதுகாப்பு ஏற்பாடும் ஓய்வூதியமும் இருக்கின்றன. துணிச்சல் உள்ளவருக்குப் பாதுகாப்பு தேவையில்லை என்று அங்கே யாரும் வாதிடுவதில்லை.

வெளியே என்ன நடக்கிறது?

இந்தித் திரையில் ரேஷ்மா பட்டான் என்ற பெண்ணின் கதை இங்கே பொருந்தும். 1975-ல் வந்த 'ஷோலே' படத்தில் ஹேமமாலினியின் குதிரை வண்டி ஓட்டத்தில் உண்மையில் ஓடியது அவருடைய வண்டி. ஆண்களே சேலை கட்டி, சவுரி வைத்துக் கதாநாயகிக்கு டூப் போட்ட காலத்தில், வீட்டு வறுமையால் பதின்ம வயதிலேயே இந்த வேலைக்கு வந்தவர். அவரைப் பற்றிப் படம் வர 2019 வரை ஆனது. 44 ஆண்டுகள் கழித்து முகம் கிடைத்தது.

இங்கிலாந்தில் டேவிட் ஹோம்ஸ் 'ஹாரி பாட்டர்' படங்களில் டேனியல் ராட்கிளிஃபின் டூப். 2009 ஜனவரியில் ஒத்திகையின்போது கம்பியால் இழுக்கப்பட்டு சுவரில் மோதி, கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழந்தார். 2023-ல் அவரைப் பற்றி வந்த ஆவணப்படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் ராட்கிளிஃப். முகம், தன் உடம்பாக இருந்தவனை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. நம் நாயகர்கள் கற்றுக்கொள்ள இதில் இடமிருக்கிறது. ஆஸ்கர் அமைப்பும் 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்து சண்டை வடிவமைப்புக்கு விருது தரப்போவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது.

இந்தியாவில் தேசிய விருது ஏற்கனவே உண்டு. 2017-ல் 'புலிமுருகன்' படத்துக்காக பீட்டர் ஹெயின் அதை முதலில் பெற்றார். பின்னர் 'கே.ஜி.எஃப்.' படங்களுக்காக நம் அன்பறிவ் சகோதரர்கள் பெற்றார்கள். பெருமைதான். ஆனால் இந்த விருது சண்டையை வடிவமைப்பவருக்கு. விழுந்தவருக்கு ஒரு விருதும் கிடையாது. விருதைக்கூட விட்டுவிடலாம். படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில் நாயகனின் ஓட்டுநர் பெயர், உடை தேய்த்தவர் பெயர் வருகின்றன. வர வேண்டியவைதான். நாயகனுக்காக விழுந்தவர் இன்னார் என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை.

இப்போது புதிய சிக்கலும் சேர்ந்திருக்கிறது. ஒருவர் உடம்பின் மேல் இன்னொருவர் முகத்தைக் கணினியில் ஒட்டுவது சாதாரணமாகிவிட்டது. முன்பு டூப் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி அவர் நேராகப் பார்த்தாலும் முகம் அழிக்கப்படும். 2023-ல் அமெரிக்க நடிகர் சங்கம் நான்கு மாதம் வேலைநிறுத்தம் செய்ததற்கு, உடலையும் முகத்தையும் கணினியில் பிரதியெடுத்து அனுமதியின்றிப் பயன்படுத்துவது பற்றிய அச்சமும் ஒரு காரணம். இங்கே அந்தப் பேச்சு தொடங்கும்போது டூப் கலைஞர்களுக்கும் மேசையில் நாற்காலி வேண்டும்.

என்ன கேட்கிறோம்?

சட்டம் இல்லாமல் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் திரைத் தொழிலாளரை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று 1981-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கான அரசின் விளக்கத்தில், டப்பிங் கலைஞர்களோடு சண்டைக் கலைஞர்களும் குறிப்பிட்டுச் சொல்லப்பட்டிருக்கிறார்கள். நியமனக் கடிதம் கட்டாயம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தத் தொகுப்புகள்மீது தொழிற்சங்கங்களுக்குள்ள எதிர்ப்பு நியாயமானது, அது தனி விவாதம். எழுதியிருப்பதையாவது தளத்துக்குக் கொண்டுவாருங்கள் என்பதே நம் முதல் கோரிக்கை. சண்டைக்காட்சி எடுக்கும் நாளில், ஒவ்வொரு கலைஞரின் ஒப்பந்தமும் காப்பீட்டு எண்ணும் தளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேமரா ஓடக் கூடாது.

இரண்டாவது, காப்பீட்டைத் தயாரிப்பாளர் கட்ட வேண்டும். உயிரிழப்புக்கான தொகை சாக்கடை மரணத்துக்கு உச்ச நீதிமன்றம் வைத்த 30 லட்சத்துக்குக் குறையக் கூடாது. கைகால் இழந்தவருக்கு வாழ்நாள் மருத்துவச் செலவும் சேர வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு அதிகாரி. கயிறு, வண்டி, மெத்தை, தீ அனைத்தையும் சோதித்து, போதாது என்றால் படப்பிடிப்பை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். அவர் இயக்குநருக்கோ சண்டைப் பயிற்சியாளருக்கோ கீழே இருக்கக் கூடாது. மருத்துவரோடு ஆம்புலன்ஸ் தளத்திலேயே நிற்க வேண்டும். கால்ஷீட் முடிகிறது, வெளிச்சம் போகிறது என்ற அவசரத்தில்தான் பல சோதனைகள் விட்டுப்போகின்றன. அந்த அவசரத்துக்கு 'இல்லை' என்று சொல்ல ஒருவர் வேண்டும். பூந்தமல்லி அருகே குத்தம்பாக்கத்தில் 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. அங்கே படமெடுக்க அனுமதி பெறும் எவருக்கும் இதை முதல் நிபந்தனையாக வைக்கலாம்.

நான்காவது, பயிற்சி. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் படிக்கலாம். சண்டைக்கலைக்கும் அதன் பாதுகாப்புத் தொழில்நுட்பத்துக்கும் அங்கே ஒரு படிப்பு வேண்டும். தாட்கோ பல தொழில்களுக்கு நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறது. கயிறு கட்டும் முறை, வாகனப் பாதுகாப்பு, தீக்காட்சிப் பாதுகாப்பு ஆகியவற்றை அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். சங்க அட்டை வாங்கும் கட்டணத்தையும் தாட்கோ ஏற்கலாம். நம் பிள்ளைகள் கயிற்றில் தொங்குபவர்களாக மட்டுமின்றி, கயிற்றைக் கணக்கிடுபவர்களாகவும் ஆக வேண்டும்.

ஐந்தாவது, ஓய்வூதியம். ஐம்பது வயதைக் கடந்த சண்டைக் கலைஞர்களுக்குத் திரைப்படத் துறையினர் நல வாரியத்தின் வழியாக மாத ஓய்வூதியம் வேண்டும். உயரத்தில் ஏறுவதா வேண்டாமா என்பதை அவர்களே தீர்மானிக்கும் நிலை வர வேண்டும். கூடவே, திரைத் தொழிலாளர்களின் சமூக, பொருளாதாரக் கணக்கெடுப்பு ஒன்றையும் அரசு நடத்த வேண்டும். எந்தெந்த வேலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் பல மௌனங்கள் கலையும்.

கடைசிக் கோரிக்கை அரசிடம் அல்ல. நம் தெருவில் இருக்கும் ரசிகர் மன்றத் தம்பிகளிடம். எம்.கே.பி. நகரிலும் கல்யாணபுரத்திலும் சத்தியமூர்த்தி நகரிலும் முதல் காட்சிக்குப் பாலும் பட்டாசும் வாங்க வசூல் செய்கிறீர்கள். உங்கள் நாயகரின் அடுத்த படம் வரும்போது பேனரில் ஒரு வரி சேருங்கள். எங்கள் அண்ணனுக்காக விழுந்த கலைஞர் யார், அவர் பெயரைத் திரையில் போடுங்கள் என்று கேளுங்கள். ஆயிரம் கட்டுரை எழுதினாலும் அசையாத தயாரிப்பு நிறுவனம் ரசிகனின் கேள்விக்கு அசையும். அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி வேறு யாரையும்விட உங்களுக்கு அதிகம். நாயகனின் முகம் எந்த ஊருடையதாகவும் இருக்கட்டும். அந்த உயரத்திலிருந்து விழுகிற உடம்பு உங்கள் தெருவில் உங்களோடு பந்து விளையாடியவருடையதாக இருக்கக்கூடும்.